நடுவழியில் நின்ற வண்டி

சேகருக்கு, அப்பா எழுதுவது.

நேற்று போனில் நீ உன் புது மோட்டார் சைக்கிளைப் பற்றி வெகுநேரம் பேசினாய். கல்யாணம் முடிந்த கையோடு அந்தப் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மலைப்பக்கம் போகப் போவதாகவும், இரண்டு பக்கமும் மாட்டுவதற்குப் பெட்டிகூட வாங்கிவிட்டதாகவும் சொன்னாய். கடைசியில், "இது நடுவழியில நிக்கவே நிக்காதுப்பா" என்றாய். அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். நீ முறைப்போடு போனை வைத்தது எனக்குத் தெரிந்தது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், என்ன சிரிப்பு என்று கேட்டாள். சொன்னேன். "பாவம் அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று உனக்கு விளக்கத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தில்லியில் பிறந்து வளர்ந்த நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ் காகிதத்தைப் பார்ப்பதுபோல மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடிவிடுவாய். தமிழில் என்றால் ஒவ்வொரு வரியாகத்தான் நகர முடியும். அப்படி நகர்ந்து வந்தால் போதும், எனக்கு அவசரம் இல்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி உன் அம்மா தில்லிக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். சரோஜினி நகரில் உன் பெரியப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த குவார்ட்டர்ஸில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். இருந்தது இரண்டே அறைகள். பின்பக்க வராந்தாவை மூங்கில் தட்டி வைத்து அடைத்து எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் யாராவது தண்ணீர் குடித்தால் இந்தப் பக்கம் தொண்டைச் சத்தம் கேட்கும். பெரியப்பா தங்கமான மனுஷர், பெரியம்மாவும் அப்படித்தான், யார் மேலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குத்தான் ஒரு கூச்சம். அண்ணன் இருக்கிற வீட்டில் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஆபீஸிலிருந்து வந்ததும் பேப்பரை விரித்துக்கொள்வேன். அவள் காபி கொண்டுவந்து வைப்பாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போவாள். ஊரில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, வகுப்பு முழுக்கக் குரல் கேட்கப் பேசிப் பழகியவள் அவள். இங்கே ஹிந்தியும் தெரியாமல், இரண்டாவது பொம்பளையாக அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே போய்ப் பேசலாமே என்று நீ கேட்பாய். சரோஜினி நகரில் தமிழில் ரகசியம் பேசிப் பார்த்திருந்தால் நீ அப்படிக் கேட்க மாட்டாய். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள். ஹிந்தியில் பேசினால் மீதிப் பாதிக்குப் புரியும். அதனால் உன் அம்மா ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், நின்ற பஸ் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகும்வரை காத்திருந்துவிட்டு, காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். "பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போறேன். போனா திரும்பி வரமாட்டேன்னு நெனைக்கேன்" என்றாள். "உங்க மேல கோபம்லாம் இல்ல. உங்கள எனக்குத் தெரியவே இல்ல. தெரியாத ஆளுகிட்ட எப்படிக் கோபப்பட முடியும்?" என்றாள். குரலை உயர்த்தாமல், வகுப்பில் ஒரு கணக்கை விளக்குவதுபோலத்தான் சொன்னாள். அப்போது ஐப்பசி மாதம். அடுத்த பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

அந்தப் பதற்றத்தில்தான் வண்டி வாங்கினேன். மோதி பாக்கில் இருந்த ஒரு பஞ்சாபி ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. மலையேறி நெடுந்தூரம் போவதற்கென்றே வைத்திருந்தவர், வழியில் பெட்ரோல் தேட வேண்டாம் என்று பெரிய டாங்காகப் பார்த்து மாட்டியிருந்தார். இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள். டாங்கின் நடுவில் வட்டமாக, பளபளவென்று ஒரு மூடி. இவளை ஹரித்துவாருக்கும் ஆக்ராவுக்கும் கூட்டிக்கொண்டு போனால் தில்லி பிடித்துப்போகும், தில்லி பிடித்துவிட்டால் நானும் பிடித்துப்போவேன் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். முதல் பயணத்தன்று காலையில் பெரியம்மா உன் அம்மாவிடம், வண்டியை வெறும் நெற்றியோடு அனுப்பக் கூடாது என்று சொல்லிச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். உன் அம்மா கெட்டியாக உரைத்த சந்தனத்தை எடுத்து, வண்டிக்கு நெற்றி எது என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்து, அந்த வட்ட மூடியின் நட்டநடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அதன் மேல் குங்குமம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு ஹரித்துவாருக்குக் கிளம்பினோம்.

மீரட்டைத் தாண்டியதும் வண்டி நின்றது. இருமவில்லை, குலுங்கவில்லை, தூக்கத்தில் அமிழ்வதுபோல மெதுவாக அடங்கி நின்றுவிட்டது. மார்கழிப் பனி இன்னும் விலகாத நேரம். சாலையின் இரண்டு பக்கமும் கரும்பு. எங்கோ பக்கத்தில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், பனி முழுக்க அந்த வாசனை. மாட்டுவண்டி ஒன்று சத்தமாக வந்து, வண்டியே கண்ணில் படாமல் சத்தம் மட்டும் எங்களைக் கடந்து போயிற்று. நான் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், திரும்ப மாட்டினேன். ஒயரையெல்லாம் இழுத்துப் பார்த்தேன். கார்புரேட்டரைத் தட்டினேன். எல்லாம் முடிந்து, கடைசியில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, நிறைய இருக்கிறது என்று மூடிவிட்டு உதைத்தேன். கிளம்பிவிட்டது. பிளக்தான் கோளாறு என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். அடுத்த ஊரைத் தாண்டியதும் மறுபடி நின்றது.

இப்படியே போயிற்று அந்தக் குளிர்காலம். ஊருக்குள் ஆபீஸ் போய் வரும்போதெல்லாம் குதிரை மாதிரி ஓடும். ஞாயிற்றுக்கிழமை இவளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கினால் நிற்கும். கரோல் பாக் மெக்கானிக்கிடம் கொண்டுபோவேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியால் வண்டி முழுக்கத் துடைத்து, பிளக்கை மாற்றி, இக்னிஷன் காயிலை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப் பில்குல் டீக் ஹை, பாய் சாப்" என்று, எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்லிச் சாவியைக் கொடுப்பார். அவரிடம் ஒருமுறையாவது நின்றிருக்க வேண்டுமே, நிற்காது. பெரியம்மா கண் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டாள். அதனால் உன் அம்மா ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிடக் கெட்டியாகச் சந்தனம் வைத்தாள். எனக்கோ வெறியே பிடித்துவிட்டது. இந்த வண்டி ஒரு தடவை நிற்காமல் போய்த் திரும்பிவிட்டால் இவள் ஊருக்குப் போக மாட்டாள் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படி முடிச்சுப் போட்டேன் என்றெல்லாம் கேட்காதே, பயந்த மனுஷனுக்கு எல்லாமே சகுனம்தான்.

ஆனால் அந்த நின்ற இடங்களில்தான் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது, எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. முதல் ஒன்றிரண்டு தடவை அவள் மைல்கல்லில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் கழற்றிய சாமான்களைத் தன் கைக்குட்டையில் வரிசையாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வைத்துக்கொண்டே பேசினாள். அவளுடைய வகுப்பில் பொய்யாக வயிற்றுவலி சொல்லும் ஒரு பெண்ணைப் பற்றி, தாமிரபரணியில் சின்ன வயசில் காணாமல் போன ஒரு வெள்ளிக் கொலுசைப் பற்றி, அவளுடைய அப்பா பேசாமலேயே இருந்து செத்துப்போனதைப் பற்றி. நான் குனிந்த தலை நிமிராமல் ஸ்பானரைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. எனக்குக் கிணறு என்றால் பயம் என்று அவளிடம் சொன்னது ஒரு லாரி டயர் கடைக்கு எதிரே. ஆபீஸில் எனக்கு ஒருவரையும் பிடிக்காது என்று சொன்னது பல்வல் என்கிற ஊருக்கு இந்தப் பக்கம், கடுகுப் பூவுக்கு நடுவில். அந்த மஞ்சளை நீ பார்த்திருப்பாய். பனி விலகும்போது அது தரையிலிருந்து வருகிறதா, வானத்திலிருந்து இறங்குகிறதா என்று தெரியாது. அதற்குள் அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவளுடைய மூச்சு புகைபோலப் போனது, அதெல்லாம் நடந்ததா நான் கனவில் கண்டதா என்று இப்போதுகூட எனக்குச் சந்தேகம் வரும். அவளைக் கேட்டால் நடந்ததுதான் என்கிறாள்.

கோளாறைக் கண்டுபிடித்தது அவள்தான். சோஹ்னா போகும் வழியில் ஒரு கருவேல மரத்தடியில் நின்றிருந்தோம். நான் வழக்கம்போல எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாக மூடியில் கை வைத்தேன். பொறுங்கள் என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீங்க மூடியத் தொறக்கும்போது உள்ள ஒரு சத்தம் கேக்கும்லா, மூச்சு இழுக்க மாதிரி. நின்ன ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கேன்" என்றாள். காதை டாங்கின் மேல் வைத்துக்கொண்டு, இப்போது திறங்கள் என்றாள். திறந்தேன். ஸ்ஸ் என்று காற்று உள்ளே போயிற்று. இரண்டு பேரும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கம் ஒரு பொடித் துளை. மேல்பக்கம் அந்தத் துளை எங்கே என்று தேடினால், அங்கே கல்லாகக் காய்ந்த சந்தனம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று போக வேண்டும், அதற்குத்தான் அந்தத் துளை. காற்று போகாவிட்டால் கொஞ்ச தூரத்தில் பெட்ரோலும் இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் மூச்சு வந்து மறுபடி ஓடும். திரும்பி வந்ததும் குழாயடியில் நான் வண்டியைக் கழுவிவிடுவேன், சந்தனம் கரைந்துவிடும், அதனால்தான் ஊருக்குள் நிற்கவில்லை, மெக்கானிக்கிடமும் நிற்கவில்லை. அவள் கொண்டை ஊசியை எடுத்து அந்தத் துளையைக் குத்தினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. "அப்ப இத்தன நாளும் நாந்தான் நிறுத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தவும் முடியாமல் சிரித்தாள். கல்யாணமான பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாலையில் போன ஒட்டகவண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு பொட்டை ஹெட்லைட்டுக்கு மாற்றிவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆக்ரா. மாசி வெயில், வெறிச்சோடிய சாலை, வண்டி ஒரே மூச்சாகப் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தாஜ்மகாலைப் பார்த்தோம் என்று பேர், நான் வாசலில் வண்டி எப்படி நிற்கிறது என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும்போதும் நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கி, பெரியப்பாவிடம் போக வர ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை என்று மார்தட்டினேன். உன் அம்மா உள்ளே போய்விட்டாள். மறுநாள் மார்க்கெட்டில், கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி நம்மூர்க்காரர்கள் இருப்பதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் கேட்டாள். "ஆக்ராவுக்குப் போயிட்டு வந்தோம்லா. நீங்க எங்கிட்ட என்ன பேசுனீங்க, சொல்லுங்க பாப்போம்." நான் யோசித்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, கொத்தமல்லியைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த வாரத்திலேயே பெரியப்பா அவளுக்கு உத்திரத்துக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, தம்பி பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போய் வரட்டும் என்ற நல்லெண்ணம். ஹோலிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாமா என்று நானே கேட்டேன். அவள் சரி என்றாள். காலையில் வண்டியை வாசலுக்குத் தள்ளிவந்து நிறுத்தினேன். பெரியம்மா படியில் நின்றுகொண்டிருந்தாள். உன் அம்மா கிண்ணத்தோடு வந்து ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்தாள். வைத்தவள் போய்விடாமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, மூடிக்கு நேரே நின்று, விரல் நிறையச் சந்தனத்தை வழித்து, அந்தத் துளையின் மேல் அழுத்தி அப்பினாள். அழுத்திக்கொண்டே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பெரியம்மாவுக்கு அது பக்தியாகப் பட்டிருக்கும். நான் அதைத் துடைக்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியை உதைத்தேன்.

சேகர், நீ எத்தனையோ மலை ஏறுவாய், எத்தனையோ நல்ல சாலைகளில் போவாய். ஆனால் வண்டி நிற்கப் போகிறது என்று தெரிந்து, எப்போது நிற்கும் எப்போது நிற்கும் என்று இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறாயா? அன்றைக்கு மதுரா சாலையில் நான் அப்படித்தான் ஓட்டினேன். வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோதுமை காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. சாலையோரத்தில் மயில் ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் நடந்து போயிற்று. முதுகில் அவளுடைய நெற்றி பட்டுக்கொண்டிருந்தது. இவளை நான் இழக்கப்போகிறேனா என்ற ஒரே கேள்வி, பயமாகக்கூட இல்லாமல், வெயிலோடு வெயிலாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. பிறகு இன்ஜின் மெதுவாக மூச்சை விட்டு அடங்கியது. ஓரமாக உருட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். எப்போதும் டூல் பெட்டியைத் திறப்பவன் அன்றைக்குத் திறக்கவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, முதல்முறையாக அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, நீ போகாதே என்று சொன்னேன். நீ இல்லாவிட்டால் எனக்குப் பேச யாருமே இல்லை என்றும் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்திருக்கிறது.

அவள் ஒரு வேப்பங்குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "மோதி பாக்ல தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குல்லா. அங்க டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. தை மாசமே கூப்பிட்டாச்சு, நான் இன்னும் பதில் சொல்லல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா, வேலை கெடச்சதுனால இருந்துட்டேன்னு ஆயிரும். உங்களுக்கும் அப்படித்தான் தோணும், எனக்கும் அப்படித்தான் தோணும். வேலை இல்லாட்டாலும் உங்களுக்காக இங்க இருப்பேனான்னு எனக்கு மொதல்ல தெரியணும்" என்றாள். தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். அவள் குச்சியைத் தூரப் போட்டுவிட்டு எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "டிக்கெட் வேண்டாம்னு உங்க அண்ணன்கிட்ட நீங்க சொல்லணும். ரோட்டுல வச்சு எங்கிட்ட சொன்னது போதாது. வீட்டுல வச்சு, எல்லாரும் இருக்கும்போது வாயத் தொறந்து சொல்லுங்க. அப்ப சொல்லுதேன்" என்றாள்.

கொண்டை ஊசியால் சந்தனத்தைக் குத்திவிட்டு, வந்த வழியே திரும்பினோம். வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெரியப்பா இலையின் முன்னால், பிள்ளைகள் அவருக்குப் பக்கத்தில், பெரியம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். உன் அம்மா என்னைத் தாண்டி நேரே அடுக்களைக்குள் போய்விட்டாள். அந்த வீட்டுக்குள் அதுவரை நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நடுவீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "செண்பகம், அந்த டிக்கெட் நமக்கு வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?" என்று உரக்கக் கேட்டேன். பெரியப்பா பிசைந்த கையோடு நிமிர்ந்தார். பெரியம்மாவின் கரண்டி ரசத்துக்கு மேலே அப்படியே நின்றது. அடுக்களையிலிருந்து, ஒரு வகுப்பு முழுக்கக் கேட்கும் குரலில், "சொல்லுங்க" என்றாள் உன் அம்மா.

அப்பா